வேலைத்தலத்தில் இனப் பாகுபாடு: பிரித்தானியாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரித்தானியாவில் வேலை செய்யும் தமிழர்களும், பல நாட்டவரை வேலைக்கு வைத்திருக்கும் சிறு நிறுவன உரிமையாளர்களும் எங்கள் ஆலோசனை நேரங்களில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறோம். இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்து ஆகிய மூன்றிலும் நடைமுறையில் உள்ள 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டமே இவற்றுக்கு அடிப்படை. வட அயர்லாந்தின் சட்டம் வேறு என்பதால் அதைக் கடைசியில் தனியாகக் குறிப்பிட்டிருக்கிறோம். பாகுபாடு நடந்த பிறகு நட்டஈடு வாங்குவதைவிட அது நடக்காமல் தடுப்பதே மேல். அந்தத் தடுக்கும் பொறுப்பை வேலை கொடுப்பவர் ஏற்க வேண்டுமே தவிர, பொறுத்துப்போகும்படி ஊழியரிடம் கேட்கக் கூடாது என்ற நிலைப்பாட்டிலிருந்தே இந்த விடைகளை எழுதியிருக்கிறோம்.

சட்டம் ‘இனம்’ என்று எதைக் குறிக்கிறது? தமிழர் என்பதும் அதில் அடங்குமா?

தோலின் நிறம், நாட்டுரிமை, இனக்குழுப் பின்னணி, தேசியப் பின்னணி ஆகிய நான்கும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும். ஆகவே இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறார் என்பதற்காகவோ, தமிழர் என்பதற்காகவோ, கறுப்பாக இருக்கிறார் என்பதற்காகவோ ஒருவரை மற்றவர்களைவிடக் குறைவாக நடத்தினால், மூன்றும் இனப் பாகுபாடுதான். நீண்ட பொது வரலாறும் தனக்கென ஒரு பண்பாட்டு மரபும் உடைய சமூகத்தை இனக்குழுவாகக் கொள்ளலாம் என்று 1983இல் ஒரு சீக்கிய மாணவனின் தலைப்பாகை குறித்த வழக்கில், அப்போது நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வகுத்த அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. தமிழர்கள் அந்த அளவுகோலுக்குள் வருவார்கள் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

பாகுபாடு காட்டுபவர் உங்களைத் தவறாக அடையாளம் கண்டிருந்தாலும் சட்டம் பொருந்தும். பாகிஸ்தானியர் என்று நினைத்து ஒரு தமிழரை ஒதுக்கினால், ‘நான் பாகிஸ்தானியர் இல்லையே’ என்று அவர் பேசாமல் போக வேண்டியதில்லை. வெள்ளையரான ஊழியர் ஒருவரை, அவருடைய மனைவி ஆபிரிக்க வம்சாவளியினர் என்பதற்காகத் தொல்லைப்படுத்தினாலும் அவருக்கும் இதே பாதுகாப்பு உண்டு.

இந்தப் பாதுகாப்பு இந்த நாட்டில் எப்போதும் இருந்ததா?

இல்லை. கேட்டுப் போராடிப் பெற்றது இது. 1963இல் பிரிஸ்டல் நகரப் பேருந்து நிறுவனம் கறுப்பின, ஆசிய இனத்தவரைப் பேருந்து ஓட்டவும் நடத்துநராக இருக்கவும் எடுப்பதில்லை என்று வெளிப்படையாகவே நடந்துகொண்டது. கை பெய்லி என்ற இளைஞருக்குத் தொலைபேசியில் உறுதியாகியிருந்த நேர்முகத் தேர்வு, அவர் ஜமேக்காவிலிருந்து வந்தவர் என்று தெரிந்ததும் இரத்தானது. போல் ஸ்டீவன்சன் முதலானோர் முன்னின்று ஏப்ரல் இறுதியில் பேருந்துப் புறக்கணிப்பைத் தொடங்கினார்கள். ஓகஸ்ட் 28ஆம் திகதி நிறுவனம் பணிந்தது. செப்ரெம்பரில் ரக்பீர் சிங் என்பவர் அந்நகரின் வெள்ளையரல்லாத முதல் நடத்துநராக வேலையில் சேர்ந்தார். அந்த நாளில் அந்த நிறுவனம் செய்தது சட்டப்படி குற்றமே இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள். 1965இல் வந்த முதல் இன உறவுச் சட்டம்கூடப் பொது இடங்களை மட்டுமே தொட்டது. வேலைவாய்ப்பு 1968இல்தான் உள்ளே வந்தது. மறைமுகப் பாகுபாடு என்ற கருத்து 1976இல் வந்தது. அவை எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டியதுதான் 2010ஆம் ஆண்டுச் சட்டம்.

நான் வேலைக்குச் சேர்ந்து சில வாரங்களே ஆகின்றன. அதுவும் ஏஜென்சி மூலம்தான். எனக்கு இது பொருந்துமா?

பொருந்தும். பாகுபாட்டுக்கு எதிரான பாதுகாப்புக்குக் குறைந்தபட்சப் பணிக்காலம் எதுவும் தேவையில்லை. இன்னும் வேலைக்கே சேராத விண்ணப்பதாரருக்கும் அது உண்டு. ஏஜென்சி அனுப்பிய தொழிலாளியை, அவர் வேலை செய்யும் களஞ்சியமோ வைத்தியசாலையோ இனக் காரணத்துக்காகத் திருப்பி அனுப்பினால் அந்த இடமும் பொறுப்பாகலாம். ‘அந்த நாட்டவரை இனி அனுப்பாதே’ என்ற உத்தரவுக்குப் பணிந்த ஏஜென்சியும் பொறுப்பாகலாம். வாரத்துக்கு இத்தனை மணிநேரம் என்ற உறுதியில்லாமல் வேலை செய்பவர்களும், தாமே நேரில் வேலை செய்து தர ஒப்புக்கொண்ட சுயதொழில் செய்வோரில் பலரும் இதற்குள் அடங்குவர்.

நேரடிப் பாகுபாடு, மறைமுகப் பாகுபாடு என்கிறார்களே, இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

இனத்தைக் காரணமாக வைத்து ஒருவரை மற்றவரைவிடக் குறைவாக நடத்துவது நேரடிப் பாகுபாடு. பராமரிப்பு இல்லத்தில் இரவு முறையும், ஆளைத் தூக்கி மாற்ற வேண்டிய முதியவர்களின் அறைகளும் எப்போதும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கே விழுந்தால், அட்டவணையைப் போடுபவர் என்ன காரணம் சொன்னாலும் அதைக் கேள்வி கேட்க இடமுண்டு. சட்டம் குறிப்பிடும் மிகச் சில விதிவிலக்குகள் தவிர, நேரடி இனப் பாகுபாட்டுக்கு நியாயம் கற்பிக்க முடியாது. ‘வாடிக்கையாளர்கள் விரும்பமாட்டார்கள்’ என்பதும் நியாயமாகாது.

மறைமுகப் பாகுபாடு கண்ணுக்கு எளிதில் படாது. எல்லோருக்கும் ஒன்றுபோலப் பொருந்தும் விதி ஒன்று, ஒரு குறிப்பிட்ட பின்னணியினரை மட்டும் பெரிதும் பாதிக்கும். ‘பிரித்தானியாவில் மூன்று வருட அனுபவம் உள்ளவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும்’ என்ற விளம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொழும்பிலோ கோயம்புத்தூரிலோ பத்து வருடம் அதே வேலையைச் செய்தவர் வாசலிலேயே நின்றுவிடுவார். வேலைக்கு அந்த அனுபவம் உண்மையாகவே தேவை என்றும், அதே தேவையை வேறு வழியில் நிறைவேற்ற முடியாது என்றும் நிறுவனம் காட்ட முடிந்தால் விதி நிற்கும், இல்லாவிட்டால் நிற்காது. மேற்பார்வையாளர் பதவி காலியாகிறது என்பதை வேலை முடிந்து மதுக்கடைக்குப் போகும் நண்பர் குழுவுக்குள் மட்டும் சொல்லி ஆள் எடுப்பதும் இந்த வகையில் சேரக்கூடிய ஒரு வழக்கந்தான்.

ஆள் சேர்ப்பில் இது எவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கிறது என்பதற்கு அரசே செய்வித்த ஓர் ஆய்வு சாட்சி. தொழில் மற்றும் ஓய்வூதியத் துறைக்காக நடத்தப்பட்டு 2009இல் வெளியான அந்த ஆய்வில், தகுதியும் அனுபவமும் சமமாக இருக்கும்படி அமைத்த விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். ஒரு சாதகமான பதில் வர, வெள்ளையர் பெயருள்ள விண்ணப்பங்கள் 9 போதுமாக இருந்தன. சிறுபான்மை இனப் பெயருள்ளவை 16 தேவைப்பட்டன. பெயரைச் சுருக்கி எழுதினால் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வருமா என்று எங்களிடம் கேட்கும் இளையவர்கள் வீணாகச் சந்தேகப்படவில்லை.

‘நான் அந்த எண்ணத்தில் செய்யவில்லை’ என்று முகாமையாளர் சொல்கிறார். அத்துடன் விடயம் முடிந்துவிடுமா?

முடியாது. அதைத் தெளிவாக்கிய முக்கியமான வழக்கு ஒன்றில் வழக்குத் தொடுத்தவரின் பெயர் நாகராஜன். இந்திய வம்சாவளியினரான அவர், லண்டன் வட்டாரப் போக்குவரத்து நிறுவனத்தில் தகவல் உதவியாளர் வேலைக்கு விண்ணப்பித்தார். அதற்கு முன்னர் அந்த நிறுவனத்தின் மீதும் அதைச் சார்ந்தவற்றின் மீதும் இனப் பாகுபாட்டு முறைப்பாடுகள் செய்திருந்தார். நேர்முகத் தேர்வு நடத்தியவர்களுக்கு அது தெரியும். தெளிவாகப் பேசும் திறனுக்கு அவருக்கு அடிமட்ட மதிப்பெண் போட்டார்கள். அதே மாதிரியான வேலையை முன்னர் குறையில்லாமல் செய்தவருக்குப் போட்ட அந்த மதிப்பெண்ணை, வேலை வழக்குகளை விசாரிக்கும் தொழில் தீர்ப்பாயம் நம்பவில்லை. தேர்வாளர்கள் தெரிந்தோ தங்களுக்கே தெரியாமலோ அந்த முறைப்பாடுகளால் பாதிக்கப்பட்டிருந்தார்கள் என்று அது முடிவு செய்தது. இடையில் மேன்முறையீடுகளில் அந்த முடிவு கவிழ்ந்தாலும், 1999இல் பிரபுக்கள் சபை அதை மீண்டும் நிலைநாட்டியது. மனதறிந்த தீய நோக்கம் இருந்தது என்று நிறுவத் தேவையில்லை; நடந்த செயலுக்கு உண்மையான காரணம் என்ன என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்ற கோட்பாடு அங்கிருந்து வலுப்பெற்றது.

நல்ல மனிதர்கள் என்று நாம் மதிக்கும் முகாமையாளர்களும் இதைச் செய்கிறார்கள். ‘எங்கள் குழுவோடு ஒத்துப்போகமாட்டார் என்று தோன்றியது’ என்ற ஒற்றை வரிதான் பெரும்பாலும் நேர்முகத் தேர்வுக் குறிப்பில் இருக்கும். அந்தத் தோன்றல் எங்கிருந்து வந்தது என்று கேட்பதற்கே சட்டம் இருக்கிறது.

பகிடிக்குச் சொல்வதையும் பாகுபாடு என்று எடுத்துக்கொள்ள முடியுமா?

விரும்பத்தகாத நடத்தை இனத்தோடு தொடர்புடையதாக இருந்து, ஒருவருடைய கண்ணியத்தைக் குலைத்தாலோ, அவருக்கு மிரட்டலான, அவமதிப்பான சூழலை உண்டாக்கினாலோ அது தொல்லைப்படுத்தல். அந்த விளைவு ஏற்பட்டிருந்தாலே போதும், அதற்கான நோக்கம் இருந்திருக்க வேண்டியதில்லை. பாதிக்கப்பட்டவருக்கு அது எப்படி இருந்தது, சூழ்நிலை என்ன, அவர் அப்படி உணர்ந்தது நியாயமானதா என்ற மூன்றையும் தீர்ப்பாயம் பார்க்கும். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும்போது மூக்கைப் பொத்துவது, உச்சரிப்பை நடித்துக் காட்டுவது, பல முறை திருத்திய பிறகும் பெயரை வேண்டுமென்றே சிதைத்துக் கூப்பிடுவது ஆகியவை தனித்தனியே சிறியவையாகத் தெரிந்தாலும் தொடர்ந்து நடந்தால் சேர்த்துப் பார்க்கப்படும். மிகக் கொடிய ஒரு சொல் ஒரே ஒரு முறை சொல்லப்பட்டாலும் போதும்.

நீங்களும் சேர்ந்து சிரித்தீர்களே என்று பின்னர் கேட்பார்கள். புதிதாக வந்தவர் சிரிக்காமல் என்ன செய்வார் என்பதைத் தீர்ப்பாயங்கள் அறியாதவை அல்ல. ஆனாலும் பிடிக்கவில்லை என்பதை ஒரு முறையாவது எழுத்தில் சொல்லி வைத்தால் உங்கள் நிலை பலப்படும்.

இடைவேளையில் தமிழில் பேசக் கூடாது என்கிறார்கள். அப்படிச் சொல்ல உரிமை இருக்கிறதா?

பாதுகாப்புக்காகவோ, குழுவில் எல்லோரும் புரிந்துகொள்ள வேண்டிய வேலைக்காகவோ ஆங்கிலத்தில் பேசும்படி கேட்கலாம். சத்திரசிகிச்சைக் கூடத்திலோ பாரந்தூக்கியின் கீழோ அது தேவைதான். ஓய்வு அறையில் இருவர் தனியாகப் பேசுவதைத் தடுக்க அந்தக் காரணம் போதாது. விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கிறதா, ஏன் வந்தது என்பதுதான் வழக்கைத் தீர்மானிக்கிறது. 2012இல் மேன்முறையீட்டுக்கு வந்த ஒரு வழக்கில், போலந்துப் பெண் ஒருவரிடம் மட்டும் அவருடைய சொந்த மொழியில் பேச வேண்டாம் என்றது நேரடிப் பாகுபாடு என்ற முடிவு நிலைத்தது. 2015இல் வேறொரு வழக்கில், விலங்குகளில் பரிசோதனை நடத்தும் ஆய்வுக்கூடம் ரஷ்ய மொழி பேசிய ஊழியரிடம் ஆங்கிலத்தில் பேசச் சொன்னது பாகுபாடாகக் கொள்ளப்படவில்லை. விலங்குரிமை ஆர்வலர்களின் ஊடுருவல் பற்றிய உண்மையான அச்சமும் அந்த ஊழியரின் நடத்தை பற்றிய சந்தேகமும் அதற்குக் காரணமாக இருந்தன. எனவே தடை விதிக்கப்பட்டால், காரணத்தையும் அது பிரெஞ்சு பேசுபவருக்கும் பொருந்துமா என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

வேலை செய்யும் உரிமைக்கான ஆவணங்களை என்னிடம் மட்டும் அடிக்கடி கேட்கிறார்கள்.

ஆவணச் சோதனை சட்டப்படி செய்யப்படுவதுதான். 2024 பெப்ரவரியிலிருந்து, உரிமையற்ற ஒருவரை வேலைக்கு வைத்தால் முதல் முறை ஓர் ஆளுக்கு 45,000 பவுண் வரையும் மறுமுறை 60,000 பவுண் வரையும் தண்டம் விதிக்கப்படலாம் என்பதால் முதலாளிகள் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் தோலின் நிறத்தைப் பார்த்துச் சந்தேகப்படுவதற்கு அனுமதியாகாது. சோதனையில் பாகுபாடு கூடாது என்று உள்துறை அமைச்சே தனி நடைமுறைக் கோவை வெளியிட்டிருக்கிறது. எல்லாரிடமும், வேலை தொடங்கும் முன், ஒரே விதமாகக் கேட்க வேண்டும். விசா முடியும் நாள் உள்ளவரிடம் அந்த நாளை ஒட்டி மீண்டும் கேட்கலாம். நிரந்தர வதிவிட உரிமை உள்ளவரிடமும் பிரித்தானியக் குடியுரிமை உள்ளவரிடமும், பெயர் வெளிநாட்டுப் பெயராக இருக்கிறது என்பதற்காக மட்டும் மீண்டும் மீண்டும் கேட்பது பாகுபாடு.

என் விசா இந்த முதலாளியைச் சார்ந்தே இருக்கிறது. முறைப்பாடு செய்தால் விசா போய்விடுமே?

எங்களிடம் வரும் கேள்விகளில் மனதை மிகவும் அழுத்துவது இதுதான். முதலாளி விசாவுக்குக் கொடுக்கும் வேலை அனுசரணை (ஸ்பொன்சர்ஷிப்) நின்றால் உள்துறை அமைச்சு பொதுவாக 60 நாட்களாக விசாவைச் சுருக்கும். அதற்குள் வேறு அனுசரணையாளரைக் கண்டுபிடிக்க வேண்டும், அல்லது நாட்டைவிட்டுப் போக வேண்டும். இதைத் தெரிந்துகொண்டே சில முதலாளிகள் கூடுதல் மணிநேரம் வேலை வாங்குகிறார்கள், விடுமுறையை மறுக்கிறார்கள், ‘உன் பேப்பர் என் கையில்’ என்கிறார்கள்.

சட்டத்தின் நிலையை உள்ளபடியே சொல்ல வேண்டும். 2014இல் ஹுங்கா எதிர் அலன் என்ற வழக்கில், சிறுமியாக இருக்கும்போது நைஜீரியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு, சம்பளமின்றி வீட்டு வேலை செய்விக்கப்பட்டு, கடைசியில் வெளியே தள்ளப்பட்ட பெண்ணுக்கு, அவர் சட்டவிரோதமாக வேலை செய்தவர் என்பதைக் காட்டி நிவாரணத்தை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ஆகவே ஆவணம் சரியில்லாதவர் பாகுபாட்டு வழக்கே தொடுக்க முடியாது என்பது பிழை. ஆனால் 2016இல், வீட்டு வேலை செய்த பெண்கள் தொடர்பான தைவோ எதிர் ஒலெய்க்பே வழக்கில், ஒருவருடைய குடிவரவு நிலை பலவீனமாக இருப்பதைப் பயன்படுத்திக் கொடுமைப்படுத்துவதும் அவருடைய நாட்டுரிமையைக் காரணமாக வைத்துக் கொடுமைப்படுத்துவதும் ஒன்றல்ல என்று அதே நீதிமன்றம் சொன்னது. விசா நிலை ‘இனம்’ என்பதற்குள் வராது. அந்தப் பெண்கள் பட்ட துன்பம் முழுவதையும் இன்றைய சட்டத்தால் ஈடுசெய்ய இயலவில்லை என்பதையும் அந்தத் தீர்ப்பே ஒப்புக்கொண்டது. இது சட்டத்தில் உள்ள பெரிய ஓட்டை. நாடாளுமன்றம் இதை அடைக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

அதுவரை செய்யக்கூடியவை உண்டு. ஒரே விசாவில் உள்ள வேறு நாட்டவரைவிட உங்களை மோசமாக நடத்தினாலோ, திட்டும் சொற்களில் நாடும் நிறமும் வந்தாலோ அது இன வழக்காகும். குறைந்தபட்சச் சம்பளம், விடுமுறைச் சம்பளம், சம்பளத்திலிருந்து சட்டவிரோதமாகப் பிடித்த தொகை ஆகியவற்றுக்குத் தனி வழக்குகள் உண்டு. முறைப்பாடு கொடுக்கும் முன்பே தகுதிபெற்ற குடிவரவு ஆலோசகரைப் பார்த்து வேறு அனுசரணையாளருக்கு மாறும் வழியைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டை முதலாளியிடம் ஒருபோதும் கொடுத்து வைக்காதீர்கள்.

நோயாளியோ வாடிக்கையாளரோ இனவெறியோடு பேசினால் நிறுவனம் பொறுப்பேற்குமா?

தாதியரும் கடை ஊழியரும் அதிகம் கேட்பது இதுதான். 2010ஆம் ஆண்டுச் சட்டத்தில் மூன்றாந்தரப்பினரின் தொல்லைக்கு முதலாளியைப் பொறுப்பாக்கும் பிரிவு இருந்தது. 2013இல் அதை நீக்கிவிட்டார்கள். அது பெரிய பின்னடைவு. 2025இல் நிறைவேறிய தொழில் உரிமைகள் சட்டம் அந்தப் பொறுப்பை மீண்டும் கொண்டுவருகிறது. 2026 ஒக்டோபரில் அது நடைமுறைக்கு வரும் என்பது அரசின் அட்டவணை. நல்ல நிறுவனம் அதற்காகக் காத்திருக்காது. ‘அந்த நிறத்தவர் என்னைத் தொடக் கூடாது’ என்று சொல்லும் நோயாளிக்காகத் தாதியை வேறு விடுதிக்கு மாற்றினால், அந்த மாற்றத்தைச் செய்தது நிறுவனம். அதற்கு அது இன்றைக்கே பதில் சொல்ல வேண்டியிருக்கலாம்.

முதலாளியும் தமிழர், நானும் தமிழர். எங்களுக்குள் பாகுபாடு என்று சொல்ல முடியுமா?

முடியும். பாகுபாடு காட்டுபவரும் அதே இனத்தவர் என்பது பாதுகாப்பாகாது. இலங்கைத் தமிழர் இந்தியத் தமிழரையோ, இந்தியத் தமிழர் இலங்கைத் தமிழரையோ தேசியப் பின்னணி காரணமாக ஒதுக்கினால் சட்டம் பொருந்தும்.

சாதி பற்றியும் பேசியாக வேண்டும், ஏனென்றால் அதையும் நாம் விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறோம். சட்டம் சாதியை இன்னும் ‘இனம்’ என்பதற்குள் வெளிப்படையாகச் சேர்க்கவில்லை. அதைச் சேர்க்க வேண்டும் என்று 2013இல் நாடாளுமன்றம் அரசைக் கட்டாயப்படுத்தியது. 2018இல் அரசு, நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்று கூறிப் பின்வாங்கியது. அரசு சுட்டிய தீர்ப்பு 2014இல் வந்த சந்தோக் எதிர் டிர்கி. பீகாரைச் சேர்ந்த ஆதிவாசிப் பெண் ஒருவரை இங்கே வீட்டு வேலைக்குக் கொண்டுவந்து மிக இழிவாக நடத்திய வழக்கு அது. பிறப்போடும் வம்சத்தோடும் சேர்ந்த சாதி நிலை, இனக்குழுப் பின்னணி என்பதற்குள் வரக்கூடும் என்று மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னது. 2015இல் அந்தப் பெண்ணுக்குக் கொடுபடாத சம்பளமாக மட்டும் 183,773 பவுண் வழங்க உத்தரவானது. ஆகவே உணவகச் சமையலறையில் ‘நீ என்ன ஆட்கள், ஊரில் எந்தப் பகுதி’ என்று விசாரித்து, அதன் பிறகு வேலையைப் பிரிப்பவர்கள் சட்டம் தங்களைத் தொடாது என்று நினைக்க வேண்டாம்.

நான் சிறு நிறுவனம் நடத்துகிறேன். பாகுபாட்டைத் தடுக்க உண்மையில் என்ன செய்ய வேண்டும்?

வேலை நேரத்தில் ஊழியர் ஒருவர் மற்றவருக்குச் செய்யும் பாகுபாட்டுக்கு, உங்களுக்குத் தெரியாமல் நடந்திருந்தாலும், நீங்களும் பொறுப்பு. அதைத் தடுக்க எடுக்கக்கூடிய நியாயமான நடவடிக்கை எல்லாவற்றையும் எடுத்தேன் என்று நிறுவினால் மட்டுமே தப்பலாம். ‘எல்லாவற்றையும்’ என்ற சொல் கடுமையானது. 2021இல் மேன்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு வந்த ஒரு வழக்கில், இந்திய வம்சாவளி ஊழியர் ஒருவரிடம் ஏன் இந்த நாட்டில் இருக்கிறாய், மூலைக்கடையில் போய் வேலை செய், இந்தியர்கள் எல்லோரையும் போல மெர்சிடிஸ் ஓட்டுவாயே என்றெல்லாம் உடன் பணிபுரிந்தவர் சொல்லிவந்தார். நிறுவனம் தன் ஊழியருக்குச் சமத்துவப் பயிற்சி கொடுத்திருந்தது. ஆனால் அது ஒரு வருடத்துக்கு மேல் பழையது. அந்தப் பேச்சைக் கேட்ட முகாமையாளர்களும் மேலிடத்துக்குச் சொல்லவில்லை. பயிற்சி ‘பழசாகிப்போனது’ என்று தீர்ப்பாயம் கருதியது. நிறுவனத்தின் மேன்முறையீடு தோற்றது. இணையத்தில் அரை மணிநேரம் படம் காட்டிக் கையொப்பம் வாங்குவதால் பயனில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் தேவையில்லை.

ஆள் எடுக்கும்போதே தொடங்குங்கள். வேலைக்கு என்ன தேவை என்பதை விளம்பரத்துக்கு முன்பே எழுதி, அதற்கு மட்டும் மதிப்பெண் போடுங்கள். விண்ணப்பங்களை முதலில் வடிகட்டுபவருக்குப் பெயரையும் பிறந்த நாட்டையும் மறையுங்கள். சிறு அலுவலகத்திலும் இதைச் செய்யலாம். நேர்முகத் தேர்வில் இருவராவது இருக்கட்டும், கேள்விகள் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும், குறிப்புகளை வைத்திருங்கள். வெளிநாட்டுத் தகுதியைப் புரியாத காரணத்தால் ஒதுக்காதீர்கள். அதை இங்குள்ள தகுதியோடு ஒப்பிட்டுச் சொல்வதற்கு யூ.கே. இனிக் என்ற சேவை இருக்கிறது. உச்சரிப்பு வேறுபடுவதும் பேச்சுப் புரியாமல் போவதும் ஒன்றல்ல.

பிறகு வேலை நாட்களைப் பாருங்கள். யாருக்கு இரவு முறை, யாருக்குக் கூடுதல் நேரம், யாருக்குப் பயிற்சி, யார் மீது ஒழுக்க நடவடிக்கை என்பதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இன வாரியாக எடுத்துப் பார்த்தால், நீங்கள் கவனிக்காத ஒன்று அங்கே தெரியலாம். தெரிந்ததும் காரணத்தைத் தேடுங்கள். முறைப்பாட்டை யாரிடம் கொடுப்பது என்பதில் இரண்டு வழிகளாவது இருக்க வேண்டும், ஏனென்றால் பல நேரங்களில் குறை அந்த முதல் ஆள் மீதே இருக்கும். முறைப்பாடு வந்த அன்றே பெற்றுக்கொண்டதாக எழுதிக் கொடுங்கள். விசாரணை முடியும்வரை யாரையாவது இடம் மாற்ற வேண்டுமானால், முறைப்பாடு செய்தவரை மாற்றுவது பழக்கமாகிவிட்டிருக்கிறது. அந்தப் பழக்கத்தை விடுங்கள். சமத்துவ, மனித உரிமைகள் ஆணைக்குழு 2011இல் வெளியிட்ட தொழில்சார் நடைமுறைக் கோவையைத் தீர்ப்பாயங்கள் கருத்தில் கொள்ள வேண்டும் என்பதால் முதலாளிகளும் அதை ஒருமுறை படிப்பது நல்லது.

சிறுபான்மையினருக்கென்று இடம் ஒதுக்கலாமா?

ஒதுக்க முடியாது. ஆனால் அவர்களை ஊக்குவிக்கும் பயிற்சி, அவர்களைச் சென்றடையும் விளம்பரம் ஆகியவற்றைச் செய்யலாம். இருவர் தகுதியில் சமமாக இருந்து, ஒரு பிரிவினர் அந்த வேலையில் குறைவாக இருந்தால், அந்தப் பிரிவினரைத் தெரிவு செய்யவும் சட்டம் இடமளிக்கிறது.

எனக்கு இப்படி நடந்துவிட்டது. முதலில் என்ன செய்வது?

அன்றிரவே எழுதி வையுங்கள். திகதி, நேரம், இடம், சொன்ன சொற்கள் அப்படியே, அருகில் யார் இருந்தார்கள், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பவை போதும். தமிழில் எழுதினாலும் பரவாயில்லை. அன்றே எழுதிய குறிப்புக்கு ஆறு மாதம் கழித்துச் சொல்லும் நினைவைவிட மதிப்பு அதிகம். நடந்த ஒன்றைப் பற்றி எழுதும்போது, ‘எப்போதும் இப்படித்தான்’ என்று எழுதாமல், ‘செவ்வாய் பிற்பகல் களஞ்சிய வாசலில், மேற்பார்வையாளர் என்னையும் ஓர் ஆபிரிக்கரையும் மட்டும் பை திறந்து காட்டச் சொன்னார், பின்னால் வந்த நால்வரை விட்டுவிட்டார்’ என்று எழுதுங்கள். வட்சப் செய்திகளையும் அட்டவணைகளையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தொழிற்சங்கத்தில் இல்லையென்றால் சேர்ந்துவிடுங்கள், ஆனால் சேர்வதற்கு முன் நடந்தவற்றுக்குச் சில சங்கங்கள் வழக்குதவி தருவதில்லை. அதன்பின் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள்; ‘இது இனப் பாகுபாடு என்று கருதுகிறேன்’ என்ற வரி அதில் கட்டாயம் இருக்கட்டும். மரியாதைக்காக அந்த வரியைத் தவிர்ப்பவர்கள் அடுத்து வரும் பழிவாங்கலிலிருந்து பாதுகாப்பை இழக்கக்கூடும். உங்களைப் பற்றி நிறுவனம் வைத்திருக்கும் மின்னஞ்சல்கள், தேர்வுக் குறிப்புகள் ஆகியவற்றின் பிரதியைத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கட்டணமின்றிக் கேட்கலாம். வழக்கமாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும்.

எவ்வளவு காலத்துக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும்?

நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. மார்ச் 10இல் நடந்தால் ஜூன் 9 கடைசி நாள். அதற்குள் முதலில் ஏகாஸ் எனும் இணக்க அமைப்பிடம் அறிவிக்க வேண்டும். அந்த இணக்க முயற்சி நடக்கும் காலத்தில் கடிகாரம் நிற்கும். நிறுவனத்துக்குள் முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் கடிகாரம் நிற்காது. நல்ல வழக்குகள் பல இந்தத் தவறான நம்பிக்கையால்தான் கைநழுவிப் போகின்றன. தொடர்ச்சியாக நடந்தவை ஒரே செயலாகக் கருதப்பட்டால் கடைசிச் சம்பவத்திலிருந்து எண்ணலாம். நியாயம் என்று கண்டால் தீர்ப்பாயம் கால எல்லையை நீட்டலாம். ஆனால் இரண்டையும் நம்பி இருக்காதீர்கள். 2025ஆம் ஆண்டின் தொழில் உரிமைகள் சட்டம் இந்தக் காலத்தை ஆறு மாதமாக்க வழி செய்திருக்கிறது. உங்களுக்கு நடந்தது அந்த மாற்றத்துக்குள் வருகிறது என்று ஏகாஸ் உறுதி செய்யாதவரை மூன்று மாதம் என்றே கணக்கிடுங்கள்.

சாட்சி சொல்ல ஒருவரும் வரமாட்டார்கள். எப்படி நிரூபிப்பது?

பாகுபாட்டைப் பலர் முன்னிலையில் ஒப்புக்கொள்பவர் அரிது என்பது சட்டத்துக்குத் தெரியும். வேறு விளக்கம் இல்லாவிட்டால் பாகுபாடு என்று முடிவு செய்யக்கூடிய உண்மைகளை நீங்கள் முன்வைத்தால், நிரூபிக்கும் சுமை முதலாளிக்கு மாறும். இனம் சிறிதளவும் காரணமாக இல்லை என்று அவர் காட்ட வேண்டும். உங்களை வேறு விதமாக நடத்தினார்கள் என்பதும் நீங்கள் வேறு இனத்தவர் என்பதும் மட்டும் போதா. இன்னும் ஏதோ ஒன்று வேண்டும். காலியான மதிப்பெண் தாள், மாறிமாறி வந்த விளக்கம், கேட்ட ஆவணத்தைத் தராதது, அதே நிலையில் இருந்த வேறொருவருக்குக் கிடைத்த சலுகை போன்றவை அந்த ஒன்றாக அமையலாம்.

முறைப்பாடு செய்ததற்காக என்னைப் பழிவாங்கினால்?

அது தனி வழக்கு, பல நேரங்களில் மூல வழக்கைவிட நிரூபிக்க எளிதானது. முறைப்பாடு செய்தவர், செய்யப்போகிறார் என்று நினைக்கப்பட்டவர், நண்பருக்காகச் சாட்சி சொன்னவர் எல்லோருக்கும் பாதுகாப்பு உண்டு. மூல முறைப்பாடு தோற்றாலும், பொய் என்று தெரிந்தே சொல்லியிருக்காவிட்டால், இந்தப் பாதுகாப்பு நிலைக்கும்.

வழக்குக்கு எவ்வளவு செலவாகும், என்ன கிடைக்கும்?

தொழில் தீர்ப்பாயத்தில் வழக்குப் பதியக் கட்டணம் இல்லை. 2013இல் விதித்த கட்டணத்தை யூனிசன் தொழிற்சங்கம் தொடுத்த வழக்கில் 2017இல் உச்ச நீதிமன்றம் ரத்துச் செய்தது. தோற்றவர் மற்றவருடைய செலவைக் கட்டுவது இங்கே விதிவிலக்காகவே நடக்கும். பாகுபாட்டு வழக்குக்கான ஆலோசனைக்கும் ஆவணத் தயாரிப்புக்கும் வருமானம் குறைந்தவர்கள் அரச சட்ட உதவி பெறலாம். தீர்ப்பாயத்தில் வாதாடுவதற்கு அது பொதுவாகக் கிடைப்பதில்லை.

நட்டஈட்டுக்கு உச்ச வரம்பு இல்லை. இழந்த சம்பளத்தோடு மனவேதனைக்கும் தனியாக வழங்குவார்கள். 2025 ஏப்ரல் 6 முதல் பதிவான வழக்குகளுக்கு மனவேதனைத் தொகையின் கீழ்மட்டம் 1,200 முதல் 12,100 பவுண், நடுமட்டம் 36,400 வரை, மேல்மட்டம் 60,700 வரை. ஒவ்வோர் ஏப்ரலிலும் இவை மாறும். ஏகாஸ் நடைமுறைக் கோவையை முதலாளி நியாயமின்றி மீறியிருந்தால் 25 சதவீதம் வரை கூட்டலாம். ஊழியர் மீறினால் குறைக்கவும் செய்யலாம். ஆகவே நிறுவனத்துக்குள் முறைப்பாடு கொடுக்கும் படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

நான் பெல்ஃபாஸ்ட்டில் வேலை செய்கிறேன். யாரிடம் போவது?

வட அயர்லாந்தில் 1997ஆம் ஆண்டின் இன உறவுகள் ஆணை பொருந்தும். அங்குள்ள சமத்துவ ஆணைக்குழு இலவச ஆலோசனை தரும். இணக்க முயற்சிக்கு ஏகாஸுக்குப் பதிலாகத் தொழில் உறவு முகமை உண்டு. மற்ற மூன்று பகுதிகளிலும் ஏகாஸின் தொலைபேசி உதவியையும், இலவச ஆலோசனை தரும் சிற்றிசன்ஸ் அட்வைஸ் நிலையத்தையும், உங்கள் வட்டாரச் சட்ட நிலையத்தையும் அணுகலாம். ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தொடக்கத்திலேயே கேளுங்கள். வீட்டுப் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பிள்ளை முன்னால் சொல்லக் கூசும் விடயங்களைத்தான் ஆலோசகர் முதலில் அறிய வேண்டியிருக்கும்.